காலியாகத் திரும்பும் வண்டி

பிப்ரவரி 20

தங்கச்சி,

முடியாது. நீ எத்தனை பக்கம் எழுதினாலும் முடியாது. ரப்பர் அச்சுதான் வேணும், அது சத்தம் போடாது, கிரீஸ் கேக்காதுன்னு அந்தச் சுரங்க வேலை மேஸ்திரி சொன்னாராம், நீயும் அதையே பிடிச்சுக்கிட்டுத் தொங்கறே. சத்தம் போடாம, எதையும் கேக்காம கெடக்கறதுதான் பெருமைன்னா உன் புருஷனுக்கு இந்நேரம் சிலை வச்சிருக்கணும்.

உன் அண்ணி தோளுக்கு மேல எட்டிப் பாத்துட்டு, "மொதல்ல நலம் விசாரிங்க, சண்டையை அப்புறம் போடுங்க"ங்கறா. சரி. இங்க நானு, அண்ணி, என் முழங்கால் வலி, மூணு பேரும் சௌக்கியம். அங்க நீ, மாப்பிள்ளை, உன் வாய், மூணும் சௌக்கியமா?

ஆச்சு. இப்ப சண்டை. உங்க டிராக்டருக்குப் புது டிரெய்லர் செய்யறதுக்கு எங்க தெருக்கோடிப் பட்டறையில சொல்லி, மேற்பார்வைக்கு என்னைப் போட்டது யாரு? நீதான். இரும்புக்கடையில காலமெல்லாம் எடை போட்டவன் நான். எனக்கு இரும்பைப் பத்தி மேஸ்திரி சொல்ல வேணாம்.

ரப்பர் அச்சுன்னா என்ன? ஒரு குழாய்க்குள்ள ரப்பரைத் திணிச்சு அடைச்சிருப்பான். சக்கரம் ஏறி இறங்கினா உள்ள ரப்பர் முறுக்கிக்கும். தார் ரோட்டுல தொட்டில் மாதிரிப் போகும், ஒத்துக்கறேன். நீங்க சுரங்க வேலைக்குச் சிமெண்டும் கம்பியும் ஏத்திக்கிட்டுப் போற அந்த மலை ரோட்டுல? ஒரு சக்கரம் கல்லு மேல ஏறினா மொத்தப் பாரமும் அதும் தலையில. பக்கத்துச் சக்கரம் அந்தரத்துல நின்னு வேடிக்கை பாக்கும். ரப்பர் செத்துப்போனா அங்க எவன் மாத்துவான், நீயா?

இரும்புப் பட்டையை ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கிக் கட்டின பட்டை ஸ்பிரிங்தான். முன் சக்கரத்துக்கு ஒரு கட்டு, பின் சக்கரத்துக்கு ஒரு கட்டு, ரெண்டுக்கும் நடுவுல ஊஞ்சப் பலகை மாதிரி ஆடற ஒரு துண்டு. ஒரு சக்கரம் ஏறினா அந்தத் துண்டு சாய்ஞ்சு அடுத்த சக்கரத்தையும் தரையில அமுக்கும். ஒரு பட்டை உடைஞ்சாலும் கம்பியைச் சுத்தி வீடு வந்து சேந்துடலாம்.

வீடு வந்து சேரணும், அவ்வளவுதான். மேல சுரங்கத்துல வேலை செய்யறவங்க வண்டி ஒத்தைமரத் திருப்பத்துல பள்ளத்துல விழுந்துடுச்சுன்னு போன கடுதாசில ஒரே வரி எழுதினே. அடுத்த வரில மழைன்னு எழுதினே. எனக்கு மழை ஞாபகமில்ல.

அண்ணன்

•

மார்ச் 8

அன்புள்ள அண்ணா,

உங்கள் கடிதம் கிடைத்தது. நாங்கள் நலமாக இருக்கிறோம். அண்ணியின் இருமல் எப்படி இருக்கிறது? உங்கள் முழங்காலை விசாரித்ததாக அதனிடம் சொல்லவும்.

பட்டை ஸ்பிரிங் என்றால் பட்டை ஸ்பிரிங். தோற்றுப்போனேன் என்று நினைத்துச் சிரிக்க வேண்டாம். ஆனால் ஒன்று. மிருதுவாக இருக்க வேண்டும். இந்த ரோடு குண்டும் குழியும் மட்டுமில்லை. திருப்பத்துக்கு முன்னால் துணி துவைக்கிற கல்லைப் போல வரிவரியாகக் கிடக்கிறது. அதில் போகும்போது ஸ்டீயரிங் நடுங்கி நடுங்கி இரண்டு கையும் தோள்வரை மரத்துப் போகிறது. சாப்பிட உட்கார்ந்தால் தட்டு நிலையாக நிற்பதில்லை. இதைப் பட்டறையில் அவசியம் சொல்லுங்கள்.

இங்கே மழை விட்டுவிட்டது. வண்டி போய் வந்துகொண்டிருக்கிறது, பழையதுதான், கட்டிக் கட்டி ஓட்டுகிறோம். சீக்கிரம் அனுப்பினால் நல்லது.

அவர் உங்களுக்கு வணக்கம் சொல்லச் சொன்னார்.

தங்கை

•

மார்ச் 19

பாடப்புத்தகத் தங்கச்சிக்கு,

உன் கடுதாசியைப் படிக்கறப்ப எழுந்து நின்னு வாத்தியாருக்கு வணக்கம் சொல்லணும் போல இருக்கு. எட்டாவது படிச்சவ திமிரு. நான் மூணாவதோட நின்னவன், பேசற மாதிரிதான் எழுத வரும், பொறுத்துக்கோ. அண்ணி இருமல் குறைஞ்சிருக்கு, திட்டறதுக்கு மூச்சு வந்துடுச்சு. நீங்க ரெண்டு பேரும் உடம்பைப் பாத்துக்குங்க.

பட்டறைக்காரனை உனக்குத் தெரியாது. ஒரு நாளைக்கு நாலு வார்த்தைக்கு மேல பேசினா வாய் வாடகை கட்டணுமோ என்னமோ. நாங்க மௌனின்னு கூப்பிடறது. மிருதுவா வேணுமாம்னு சொன்னேன். "காத்துப் பை போடலாம்"னான். நான் சிரிச்சேன். பலூனு! அதுல ஒரு கூர்க்கல்லு குத்தினா பலூன் விக்கறவனையா தேடிப் போவே? வேணாம்னுட்டேன். அவனும் சரின்னுட்டான்.

அப்புறம் கேட்டான், "காலியா எவ்வளவு தூரம் ஓடும்?"

"யாரு, என் தங்கச்சி வண்டியா? அவ கடைக்குப் போனாலே ரெண்டு கையிலயும் பை இல்லாம திரும்ப மாட்டா. காலிங்கற பேச்சே அங்க கெடையாது. பட்டையைப் போடுய்யா."

"பாரத்துக்குக் கணக்குப்படி எத்தனைன்னு பாத்துப் போடறேன்."

"கணக்குப்படி போடு. அதுக்கு மேல ரெண்டு சேத்துப் போடு."

"பட்டை ஏறினா விறைப்பும் ஏறும்."

"ஏறட்டும். மலைக்குப் போற வண்டிதானே, கல்யாணத்துக்கா போகுது?"

மௌனி சாக்கட்டியால சுவத்துல எண்ணிக்கையை எழுதிக்கிட்டான். நாலு வார்த்தை முடிஞ்சு போச்சு போல. கை மரத்துப் போகுதுன்னா மாப்பிள்ளைகிட்ட சொல்லு, ஸ்டீயரிங்கை மாட்டு வாலை முறுக்கற மாதிரி இறுக்கிப் பிடிக்கக் கூடாது. அவரையே ஒரு வரி எழுதச் சொல்லு. அவரு கையெழுத்தைப் பாத்து நாளாச்சு. கோழி கிளறின மாதிரி இருக்கும், பாத்தாச் சிரிப்பு வரும்.

உன் அண்ணன்

•

ஏப்ரல் 5

அன்புள்ள அண்ணா,

நலம். உங்கள் நலத்துக்கு வேண்டுகிறேன். அண்ணிக்கு என் அன்பு.

நீங்கள் சொன்னபடியே செய்யுங்கள். எத்தனை பட்டை வேண்டுமானாலும் போடுங்கள், வண்டி சீக்கிரம் வந்தால் போதும். பழைய டிரெய்லரின் அச்சில் விரிசல் விட்டிருக்கிறது. ஒவ்வொரு முறையும் கீழே படுத்து, விரலால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டியிருக்கிறது.

வெயில் ஏறிவிட்டது. வாசலில் வைத்த செடி பூத்திருக்கிறது. வேறு விசேஷம் இல்லை.

தங்கை

•

ஏப்ரல் 22

தங்கச்சி,

உன் செடிக்கும் பூவுக்கும் என் விசாரிப்பு. இங்க எல்லாரும் நல்லா இருக்கோம்.

வண்டி கிளம்பிடுச்சு! லாரி மேல ஏத்தி, சங்கிலி போட்டு அனுப்பிட்டோம். நேத்து தெருவே கூடி நின்னு பாத்துது. நான் ஏறிக் குதிச்சேன். அசையல. பால்காரரை ஏத்தினேன். அசையல. தையக்காரர், அவரு மச்சான், முடிவெட்டறவரு, எல்லாரையும் ஏத்தி "ஒண்ணு, ரெண்டு, மூணு"ன்னு ஒரே நேரத்துல குதிக்க வச்சேன். சுவத்து மேல குதிச்ச மாதிரி கால்தான் வலிச்சுதே தவிர வண்டி ஒரு நூலு இறங்கல. அப்படி ஒரு விறைப்பு! எல்லாரும் கை தட்டினாங்க. மௌனி மட்டும் தட்டல. கையில சுத்தியல் இருந்துச்சு, அதனாலயா இருக்கும்.

இனிமே நீ நிம்மதியாத் தூங்கலாம். நானும்.

ஒண்ணு கேக்கணும். போன கடுதாசில நடுவுல ஒரு முழு வரியை அடிச்சிருக்கே. சும்மா கோடு போட்டு அடிக்கல, உழுது வச்சிருக்கே. நான் வெயில்ல பிடிச்சுப் பாத்தேன், கண்ணாடியை மாத்திப் பாத்தேன், அண்ணியும் பாத்தா. ஒண்ணும் தெரியல. என்னத்த அப்படி எழுதினே? என்னைத் திட்டியிருந்தா அடிக்காமலே அனுப்பியிருப்பே, உன்னைத் தெரியாதா எனக்கு.

மாப்பிள்ளை ஒரு வரி எழுதல.

அண்ணன்

•

மே 11

அன்புள்ள அண்ணா,

நாங்கள் நலம். நீங்களும் அண்ணியும் நலம்தானே.

வண்டி வந்து சேர்ந்தது. பாரத்தோடு ஏறும்போது மலையே கூட ஏறி வருவது போல இருக்கிறது. சிமெண்ட் மூட்டை ஒன்றுகூட நகரவில்லை. நடுவில் ஆடும் அந்த ஊஞ்சல் துண்டைப் பார்க்க வேண்டும் என்றே மேஸ்திரி குனிந்து பார்த்தார். உங்களுக்கு நன்றி சொன்னால் தலையில் ஏற்றிக்கொள்வீர்கள், ஆனாலும் சொல்கிறேன்.

காலியாக இறங்கும்போது மட்டும் கொஞ்சம் துள்ளுகிறது. சத்தம் அதிகம், தடதடவென்று அடிவாரம்வரை கேட்கிறதாம். சனிக்கிழமைகளில் மேலே வேலை செய்யும் பெண்கள் கீழே வர அதில்தான் ஏறிக்கொள்வார்கள். துள்ளத் துள்ளச் சிரித்துக்கொண்டே கம்பியைப் பிடித்துக்கொள்கிறார்கள். ஒத்தைமரத் திருப்பத்தில் அந்த வரிவரியான இடத்தில் பின்பக்கம் தானாகவே பள்ளத்துப் பக்கமாக ஒரு சாண் நகர்கிறது. முதலில் பயமாக இருந்தது. இப்போது பழகிவிட்டது. கவலைப்பட வேண்டாம்.

செடியை ஆடு தின்றுவிட்டது.

தங்கை

•

மே 20

தங்கச்சி,

நலம் விசாரிக்கல. கோச்சுக்காதே. கை ஓடல.

உன் கடுதாசியைப் பட்டறைக்கு எடுத்துக்கிட்டுப் போனேன், மௌனிகிட்ட பெருமை அடிச்சுக்கலாம்னு. நின்னுக்கிட்டு உரக்கப் படிச்சேன். மலையே கூட ஏறி வருதாம், கேட்டியான்னு. அவன் வெல்டிங் தீயை அணைச்சுட்டு முகமூடியைத் தூக்கினான்.

"திரும்பிப் படிங்க."

"சனிக்கிழமை பொம்பளைங்க ஏறிக்கறாங்களாம், சிரிச்சுக்கிட்டு..."

"அதுக்கு முன்னாடி."

"'காலியாக இறங்கும்போது மட்டும்...'"

"காலியாவே ஓடாதுன்னு சொன்னீங்களே."

கடுதாசியை மடிச்சு ஜோப்புல போட்டுக்கிட்டேன், தங்கச்சி. உன்னைக் கேக்காம உனக்காக நான் பதில் சொல்லியிருக்கேன். மேல ஏத்தறதை மட்டும் நெனச்சேன். ஏத்தினது காலியாத்தானே இறங்கும், அது ஒரு குழந்தைக்குக்கூடத் தெரியும்.

அவன் ஒண்ணு பண்ணிக் காட்டினான். சாணை மிஷினை ஓட விட்டு, அந்த மேஜை மேல ஒரு காலி டப்பாவை வச்சான். மேஜை நடுங்க நடுங்க டப்பா தத்தித் தத்தி நடந்து, ஓரத்துக்குப் போயி, கீழ விழுந்துச்சு. அதே டப்பாவுல நட்டு போல்ட்டை ரொப்பி வச்சான். நின்ன இடத்துல நின்னுச்சு. விறைப்பான ஸ்பிரிங்குக்குப் பாரம் இல்லன்னா அது வளையவே வளையாதாம். சக்கரம் தரையைத் தொடாம தத்துமாம். தத்தறப்ப சரிவு எந்தப் பக்கமோ வண்டி அந்தப் பக்கம் நடக்குமாம். ஒரு சாண் நகருதுன்னு எழுதினியே, அது அந்த டப்பா.

நல்லாக் கேளு. காலியா இறங்காதே. மணல் மூட்டையை நாலு சக்கரத்துக்கும் நேர் மேல அடுக்கிக்கிட்டு இறங்கு. டயர்ல காத்தைக் கொஞ்சம் குறை. அந்த வரிப்பள்ளத்துல நடக்கற வேகத்துக்கு மேல போகாதே. ஆளுங்களை ஏத்தாதே. சிரிச்சாலும் ஏத்தாதே, அழுதாலும் ஏத்தாதே.

இன்னொண்ணு. கை மரத்துப் போகுது, தட்டு நிலையா நிக்கல, கீழ படுத்துத் தடவிப் பாத்துட்டுக் கிளம்பணும், மொதல்ல பயமா இருந்துச்சு, இப்ப பழகிடுச்சு. இதெல்லாம் யாரு கை, யாரு பயம்? வண்டி ஓட்டறது யாரு?

உடனே பதில் போடு.

•

ஜூன் 6

தங்கச்சி,

இங்க எல்லாரும் இருக்கோம்.

பதில் வரல. தபால் கொண்டு வர்ற ஜீப்பே மலையிலேருந்து இறங்கலைங்கறாங்க. ஏன் இறங்கலன்னு கேட்டா தோளைக் குலுக்கறாங்க. என் கடுதாசி ஏறிச்சா, பாதியிலயே நிக்குதா, அதுவும் தெரியல. பாதியில நிக்குதுன்னா நீ இன்னமும் காலியாத்தான் இறங்கிட்டிருப்பே.

உன்னைச் சிரிக்க வைக்கறதுக்கு ஒண்ணு எழுதலாம்னு காலையிலேருந்து உக்காந்திருக்கேன். பால்காரர் மாட்டைப் பத்தி ஒரு கதை இருந்துச்சு. எழுதிப் பாத்தேன், நல்லா வரல, கிழிச்சுட்டேன். பட்டறையில அந்த டப்பாவை எடுத்து நானே குப்பையில போட்டுட்டேன். இப்ப தெருவுல காலி லாரி தடதடன்னு போனாலே உன் அண்ணி என்னைத் திரும்பிப் பாக்கறா. நான் அவளைப் பாக்கறதில்ல.

கோவமா இருந்தா கோவம்னு எழுது. எழுத நேரமில்லன்னா வெறும் காகிதத்தை மடிச்சு அனுப்பு. உறை மேல உன் எழுத்து இருந்தா போதும்.

அண்ணன்

•

ஜூன் 13

அண்ணா,

மண் சரிஞ்சு ரோடு அடைச்சுக்கிடந்துச்சு. இன்னைக்குத்தான் ஜீப் வந்துச்சு, உங்க ரெண்டு கடுதாசியும் சேந்து வந்துச்சு. நான் நல்லா இருக்கேன். கை கால் எல்லாம் இருக்கு. அதை மொதல்ல படிச்சுட்டு மத்ததைப் படிங்க.

நீங்க கேட்டதுக்குப் பதில்: நான்தான். போன மழைக்காலத்துலேருந்து நான்தான் ஓட்டறேன். அவருக்குக் கண்ணு போயிட்டு வருது, அண்ணா. வெளிச்சம் தெரியும், ஆளு தெரியும், ஓரம் தெரியாது. ஒரு நாள் நடு ரோட்டுல நிறுத்திட்டு, ரோடு எது பள்ளம் எதுன்னு தெரியல, நீ இறங்கி நடந்து போயிடுன்னாரு. நான் இறங்கல. அவரை நகத்திட்டு நான் உக்காந்தேன். உங்களுக்குச் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரு. கேலி பண்ணுவீங்கன்னு இல்ல. கேலி பண்ணாம இருந்துடுவீங்களோன்னு அவருக்குப் பயம்.

அந்த அடிச்ச வரில காலியா இறங்கறதைப் பத்தித்தான் எழுதினேன். எழுதி முடிச்சப்ப, இதைப் படிச்சா யாரு ஓட்டறதுன்னு கேப்பீங்கன்னு தோணுச்சு. அடிச்சுட்டேன்.

போன மாசக் கடைசி சனிக்கிழமை. உங்க கடுதாசி அப்ப வரல. வண்டியில பதினோரு பொம்பளைங்க, ஒருத்தி மடியில குழந்தை. திருப்பத்துக்குக் கொஞ்சம் மேல ஒருத்தியோட செருப்பு துள்ளி ரோட்டுல விழுந்துடுச்சு. கத்தினா. நிறுத்தினேன். எல்லாரும் அவளைக் கிண்டல் பண்ணிக்கிட்டே இறங்கினாங்க. இறங்கினது இறங்கிட்டோம், திருப்பம் தாண்டற வரைக்கும் நடந்துடறோம்க்கா, இடுப்பு ஒடியுதுன்னாங்க. சரின்னு நான் காலி வண்டியை எடுத்தேன்.

வரிப்பள்ளத்துல தடதடன்னுச்சு. அப்புறம் சத்தமே இல்ல. சக்கரம் தரையில இல்ல, அதான் சத்தம் இல்ல. திரும்பிப் பாத்தா டிரெய்லர் பாதி பள்ளத்துப் பக்கம் போயிடுச்சு. டிராக்டரோட முன்சக்கரம் மேல எழும்பிடுச்சு, எனக்கு முன்னாடி ரோடு தெரியல, வானம்தான் தெரிஞ்சுது. அந்த ஒத்தை மரம் டிரெய்லரைப் பிடிச்சு நிறுத்துச்சு. பொம்பளைங்க எல்லாரும் ஓடி வந்து டிராக்டர் மூக்குல தொங்கி அதைக் கீழ அமுக்கினாங்க. ஒருத்தி செருப்பை இன்னும் கையிலயே வச்சிருந்தா.

அண்ணா, அந்தப் பதினோரு பேரும் உள்ள இருந்திருந்தா?

இப்ப கல்லை ஏத்திக்கிட்டுத்தான் இறங்கறேன், அது எனக்கே தோணுச்சு. மலைக் கல்லைத் திருடி விக்கறவன்னு பேரு வச்சிருக்காங்க. வரிப்பள்ளம் வந்தா ஊர்ந்துதான் போறேன். இவரு கட்டில்ல படுத்துக்கிட்டு சத்தத்தையே கேட்டுக்கிட்டிருக்காரு. சத்தம் கேட்டா நான் வர்றேன்னு அர்த்தமாம்.

பாடப்புத்தகத் தமிழ் இன்னைக்கு வரல.

தங்கச்சி

•

ஜூன் 17

அடியே,

நல்லா இருக்கேங்கற அந்த மொத வரியை அண்ணி மூணு தடவை படிக்கச் சொன்னா. நான் நாலாவதா எனக்காகப் படிச்சுக்கிட்டேன்.

சைக்கிளைக் கோழி மேல ஏத்திட்டு, கோழிதான் குறுக்க வந்துச்சுன்னு சாதிச்சவ நீ. உன் கையில ஒரு மலையையும் ஒரு டிராக்டரையும் குடுத்திருக்காரு என் மாப்பிள்ளை. கேலி பண்ண மாட்டேன்னு நெனச்சாராமா? அவரு கண்ணு சரியானதும் வச்சுக்கறேன் கச்சேரி. வர்ற ஜீப்புல அவரை ஏத்தி இங்க அனுப்பு. இந்த ஊர்ல நல்ல கண்ணாஸ்பத்திரி இருக்கு, அண்ணி கூட்டிக்கிட்டுப் போவா. போக மாட்டேன்னு அடம் பிடிச்சா, அவரு வந்தாத்தான் நான் அங்க வருவேன்னு சொல்லு. வீட்டுல ரெண்டு கிழவனுங்க இருந்தா உனக்குத் தாங்காது.

ஆமா, நான் வர்றேன். மௌனியும் வர்றான். நான் கூப்பிடல. சாமானை மூட்டை கட்டி வச்சுட்டு, "எப்ப கிளம்பறோம்?"னு கேட்டான். ரெண்டே வார்த்தை.

நாங்க வர்ற வரைக்கும் கல்லோட இறங்கு. கல்லுத் திருடின்னு கூப்பிடட்டும்.

அண்ணன்

•

ஜூலை 9

மாப்பிள்ளைக்கு,

இதை உங்களுக்கு என் வீட்டுக்காரி படிச்சுக் காட்டுவா. நடுவுல அவ சொந்தமா எதையாவது சேத்தா நம்பாதீங்க. ஒரு கண்ணுல கட்டு பிரிச்சாச்சாம், சுவத்துல காலண்டர் தெரியுதாம்னு எழுதியிருந்தா. சந்தோசம். அடுத்து அவ முகம் தெரியும், தைரியமா இருங்க. நான் உங்க கட்டில்லதான் படுக்கறேன். நடுவுல ஒரு பள்ளம் வச்சிருக்கீங்க பாருங்க, உங்க மலை ரோடே தேவல.

வண்டி வேலை முடிஞ்சுது. நான் சேக்கச் சொன்ன பட்டையை எல்லாம் மௌனி கழட்டிட்டான். இப்ப கீழ மெலிசான பட்டைங்க ஒரு கட்டு, காலியா ஓடறப்ப அது மட்டும் வேலை செய்யும், தரையைத் தடவிக்கிட்டே போகும். அதும் மேல தடியா இன்னொரு கட்டு, நடுவுல விரல் நுழையற இடைவெளி விட்டு. பாரம் ஏறினா கீழ்க்கட்டு வளைஞ்சு, அப்பத்தான் மேல்கட்டு வந்து தாங்கும். உங்களை மாதிரிதான், வேலை தலையில ஏறினாத்தான் எழுந்திருக்கும். ஆடற ஊஞ்சல் துண்டு அப்படியே இருக்கு.

ஒரு கஷ்டம் வந்துச்சு. இனிமே தடதட சத்தம் வராது. அப்ப தங்கச்சி திருப்பத்தைத் தாண்டிட்டாளா இல்லையான்னு கட்டில்ல படுத்திருக்கறவனுக்கு எப்படித் தெரியும்? யோசிச்சேன். கழட்டின பட்டையில ஒண்ணை எடுத்துக்கிட்டுப் போயி அந்த ஒத்தை மரத்துல கம்பி போட்டுத் தொங்க விட்டுட்டோம், கூட ஒரு சுத்தியலும். திருப்பத்தைத் தாண்டினதும் நிறுத்தி ஒரு தட்டு தட்டணும். தட்டினா வீட்டு வாசல் வரைக்கும் கேக்குது.

இன்னைக்குத்தான் மொதல் தடவை கல்லு இல்லாம, ஆளு இல்லாம, சுத்தமாக் காலியா இறங்கறா. காலையில பாரத்தோட ஏறிட்டா. இறங்கறப்ப ஸ்பிரிங்கைப் பாக்கணும்னு மௌனி டிராக்டர் மட்கார்டு மேல உக்காந்து கூடவே போயிருக்கான். குதிக்கற பக்கம் பாத்து உக்காருய்யான்னேன். "தெரியும்"னான்.

நான் இங்க ஜன்னல் ஓரம் உக்காந்து எழுதறேன். வெயில் சாய்ஞ்சுடுச்சு. எழுதறதுக்கு ஒண்ணும் பெரிசா இல்ல. கை சும்மா இருக்கக் கூடாதுன்னு எழுதறேன். இந்நேரம் மேல இறக்கி முடிச்சிருப்பாங்க.

டிராக்டர் சத்தம் கேக்குது. மெதுவாத்தான் வருது. பின்னாடி தடதட இல்ல. இருக்கக் கூடாதுன்னுதான் இத்தனை வேலையும் பண்ணோம். ஆனா மாப்பிள்ளை, டிராக்டர் சத்தம் மட்டும் வருதே, பின்னாடி டிரெய்லர் இருக்குன்னு எப்படி நம்பறது? சத்தமே இல்லன்னு அவ எழுதின வரி வந்து முன்னாடி நிக்குது. இப்ப டிராக்டர் சத்தமும் நின்னுடுச்சு. தட்டறதுக்கு நிறுத்தினாளா? தட்டலையே. இறங்கி நடக்க இவ்வளவு நேரமா? மரத்துக்கும் ரோட்டுக்கும் நாலு எட்டுதானே

தட்டிட்டா.

தட்டிட்டா, மாப்பிள்ளை. ரெண்டாவது தட்டறா. மூணு. எதுக்கு மூணு? ஏதாவது ஆபத்துன்னு தட்டறாளா? வாசலுக்குப் போறேன்.

வந்துட்டாங்க. டிரெய்லர் பின்னாடி பூனை மாதிரி வந்துச்சு. மௌனி இறங்கி, குனிஞ்சு நாலு சக்கரத்தையும் பாத்துட்டு, முழுசா ஒரு வாக்கியம் பேசினான்: "நாலு சக்கரமும் மண்ணை விட்டு எழும்பாம, தடம் விலகாம வந்திருக்குங்க."

நான் அவளைப் பிடிச்சுக்கிட்டேன். "ஒரு தட்டுதானேடி சொன்னேன், எதுக்கு மூணு?"

"கணக்குப்படி ஒண்ணுதான், அண்ணா. அதுக்கு மேல ரெண்டு சேத்துப் போட்டேன்."

மௌனி சிரிச்சான். பல்லு இருக்கு அவனுக்கு.

சரி, உக்காரு, உன் புருஷனுக்கு எழுதினதைப் படிக்கறேன், தப்பு இருந்தா சொல்லுன்னேன். கதவுல சாஞ்சு தண்ணி குடிச்சுக்கிட்டே கேட்டா. கட்டில் பள்ளத்துக்குச் சிரிச்சா. சத்தம் நின்ன இடம் வந்ததும் சிரிக்கல. எல்லாத்தையும் படிச்சுட்டு, கடைசியா ஒண்ணு எழுதப் போறேன், அதையும் கேட்டுடுன்னேன். "மாப்பிள்ளை, இந்த ரெண்டு மாசமா எனக்குத் தூக்கமே..."

டம்ளரை வச்சுட்டா. ஆணியில தொங்கின சாவியை எடுத்துக்கிட்டா.

"சாயங்கால லோடு நிக்குது, அண்ணா."

"இருடி, ஒரே வரிதான்."

"தெரியும்ணா"ன்னு சொல்லிக்கிட்டே படி இறங்கிட்டா. திரும்பிப் பாக்கல.

மௌனி அவ பின்னாடியே போயிட்டான். டிராக்டர் கிளம்பிடுச்சு. அந்த வரியை நீங்களும் கேக்கப் போறதில்ல, இந்த இடம் வர்றதுக்குள்ள தூங்கியிருப்பீங்க. நான் நாற்காலியை ஜன்னல்கிட்ட இன்னும் கொஞ்சம் நகத்திப் போட்டுக்கிட்டேன்.